நடுவரிடம் போன வழக்கு... நடுத்தெருவில் நிற்கலாமா?

‘தள்ளுபடி’ என்ற சொல் கிராமத்தில் இரண்டு விதமாகக் காதில் விழும். கடன் தள்ளுபடி என்றால் நிம்மதி. வழக்கு தள்ளுபடி என்றால் கவலை. ஆனால், ஆர்பிட்ரேஷன் எனப்படும் நடுவர் தீர்ப்புக்கு அனுப்பப்பட்டு முடிந்துபோன வழக்குகளில் இந்த இரண்டுமே பொருந்தாது. அங்கே வழக்கு மட்டும்தான் முடிந்திருக்கும். வர வேண்டிய பணமும், கட்ட வேண்டிய கடனும் அப்படியே இருக்கும். இது தெரியாமல் சும்மா இருந்து, நியாயம் இருந்தும் பணத்தை இழப்பவர்கள் உண்டு. இது தொடர்பாக வாசகர்கள் கேட்ட நான்கு கேள்விகளும் பதில்களும் இந்த இதழில்.

‘‘என் வழக்கை மறுபடி எப்போது கூப்பிடுவார்கள்?’’

‘‘ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்த்துக் கொடுத்தேன். மூன்று பேட்ச்சுக்கான வளர்ப்புக்கூலி 2,40,000 ரூபாய் வரவில்லை. ‘இன்றைக்கு, நாளைக்கு’ என்று இழுத்ததால், கடைசி பேட்ச் முடிந்து இரண்டு வருடம் கழித்துதான் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் இருக்கிறது என்று நிறுவனம் மனு போட்டது. ஒன்றரை வருடம் கழித்து, நடுவரிடம் போகச் சொல்லி நீதிபதி வழக்கை முடித்துவிட்டார். எட்டு மாதமாகிறது. எந்தக் கடிதமும் வரவில்லை. எப்போது கூப்பிடுவார்கள்?’’ என்று கேட்கிறார் பல்லடம் பகுதி வாசகர் ஒருவர்.

கூப்பிட மாட்டார்கள். அந்த வழக்கு அந்தக் கோர்ட்டில் முடிந்துவிட்டது. இந்த வாசகர் எதிர்பார்க்கும் கடிதம் எங்கிருந்தும் வராது. கடிதம் அனுப்ப வேண்டியவர் அவர்தான். அதையும் இந்த வாரமே செய்ய வேண்டும்.

குழப்பத்துக்குக் காரணம், ‘மத்தியஸ்தம்’ என்ற ஒரே சொல்லை நம் ஊரில் இரண்டுக்கும் சொல்வதுதான். கோர்ட் வளாகத்தில் இருக்கும் சமரச மையத்துக்கோ, மக்கள் நீதிமன்றத்துக்கோ ஒரு வழக்கை அனுப்பினால், அங்கே பேச்சு முறிந்தாலும் வழக்கு அதே கோர்ட்டுக்குத் திரும்பி வரும். ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பினால் திரும்பி வராது. 2010-ம் ஆண்டு, கொச்சித் துறைமுகப் பாலம், சாலைப் பணி தொடர்பான அஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சமரசத்துக்குப் போகும் வழக்கு, மடை மாறிப் போய் மறுபடி வாய்க்காலில் சேரும் தண்ணீர். நடுவரிடம் போகும் வழக்கு, வேறு வாய்க்காலுக்கே போய்விட்ட தண்ணீர்.

பழைய 1940-ம் ஆண்டு சட்டத்தில், ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் இருந்தால் வழக்கை ‘நிறுத்தி வைக்கும்’ முறைதான் இருந்தது. இப்போது நடைமுறையில் இருக்கும் 1996-ம் ஆண்டு சட்டத்தின் 8-வது பிரிவு, இரு தரப்பையும் நடுவரிடம் ‘அனுப்பி வைக்க’ச் சொல்கிறது. அப்படி அனுப்பிய பிறகு மூல வழக்கில் முடிவு செய்ய எதுவும் மிச்சமில்லை என்று 2000-ம் ஆண்டு ஆனந்த கஜபதி ராஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய முறையை மனதில் வைத்து, ‘கேஸ் கோர்ட்டில் தூங்குகிறது’ என்று நினைப்பது ஆபத்து. கோர்ட்டில் கேஸே இல்லை.

அடுத்தது, காலக்கெடு. பணம் கேட்கும் உரிமைக்குப் பொதுவாக 3 வருடம். ஆர்பிட்ரேஷனுக்கும் இதே கெடுதான் என்று சட்டத்தின் 43-வது பிரிவு சொல்கிறது. கோர்ட்டில் கழிந்த காலத்தை, காலவரையறைச் சட்டத்தின் 14-வது பிரிவின்படி கழித்துத் தரக் கேட்கலாம். நல்லெண்ணத்தோடும், அக்கறையோடும் வழக்கை நடத்தியிருந்தால்தான் அந்தச் சலுகை.

இந்த வாசகரின் கணக்கைப் பார்ப்போம். வழக்குப் போடும் முன்பே 2 வருடம் போய்விட்டது. கோர்ட்டில் இருந்த ஒன்றரை வருடத்தைக் கழித்துவிடலாம். மிச்சம் இருந்தது 1 வருடம். அதில் 8 மாதம் காத்திருப்பதிலேயே போய்விட்டது. இருப்பது 4 மாதம். அதுவும் கடைசி பேட்ச்சுக்கு மட்டும். ஒவ்வொரு பேட்ச்சின் கூலிக்கும் அது கொடுக்கப்பட வேண்டிய தேதியிலிருந்து தனித்தனியாகக் கணக்கு ஓடும். செட்டைக் கழுவி, காயவிட்டு, அடுத்த குஞ்சு இறக்குவதற்குள் ஒரு பேட்ச்சுக்கு ஏறத்தாழ 2 மாதம் ஆகிறது என்று வைத்தால், முதல் பேட்ச்சின் கூலி கடைசி பேட்ச்சுக்கு 4 மாதம் முந்தையது. அதாவது, அதன் கெடு இந்த நாள்களிலேயே முடியப்போகிறது. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் 2,40,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு கைநழுவலாம். இடையில் நிறுவனம் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதமோ, கணக்குச் சீட்டோ கெடு முடியும் முன் கொடுத்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் கேட்க வழி உண்டு. பழைய காகிதங்களைத் தேடிப் பார்ப்பது நல்லது. நிறுவனத்தோடு வாய்ப்பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக மட்டும் கெடு நின்றுவிடாது.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

ஆர்பிட்ரேஷன் எப்போது தொடங்குகிறது என்பதை 21-வது பிரிவு சொல்கிறது. ‘இந்தத் தகராறை நடுவரிடம் விட வேண்டும்’ என்று ஒருவர் கேட்கும் கடிதம், எதிர்த்தரப்பின் கையில் கிடைக்கும் நாள்தான் தொடக்க நாள். அனுப்பிய நாள் அல்ல. கோர்ட் உத்தரவிட்ட நாளும் அல்ல. அதனால், கடிதம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பி, அந்த அட்டையையும் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. கீழ்க்கண்டவை இருந்தால் போதும்.

1. இரு தரப்பின் பெயர், முகவரி, ஒப்பந்தத் தேதி, ஆர்பிட்ரேஷன் பற்றிய பத்தியின் எண்.
2. வழக்கு எண், நடுவரிடம் போகச் சொன்ன உத்தரவின் தேதி.
3. எந்த பேட்ச்சுக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் கிடைத்திருக்க வேண்டும், வட்டி எவ்வளவு.
4. தகராறை நடுவரிடம் விடும்படியான கோரிக்கை. இது தெளிவான வார்த்தையில் இருக்க வேண்டும். ‘பணத்தைக் கொடுக்காவிட்டால் நடவடிக்கை’ என்று மட்டும் எழுதினால் போதாது.
5. நடுவராக ஒப்புக்கொள்ளக்கூடிய ஒருவரின் பெயர். 30 நாளுக்குள் பதில் சொல்லும்படி ஒரு வரி.

‘நடுவரை நிறுவனமே நியமிக்கும்’ என்று ஒப்பந்தத்தில் அச்சடித்திருக்கலாம். அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். வழக்கின் முடிவில் லாப, நஷ்டம் உள்ள ஒருவர், தனக்குப் பிடித்த ஒற்றை நடுவரைத் தானே நியமிக்க முடியாது என்று 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருவரும் சேர்ந்து ஒருவரை ஒப்புக்கொள்ளலாம். 30 நாளில் ஒத்துவராவிட்டால், 11-வது பிரிவின்படி நடுவரை நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். ஆர்பிட்ரேஷன் நடக்கும் இடமாக வேறு மாநில ஊர் ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த மாநில உயர் நீதிமன்றத்துக்குப் போக நேரிடலாம். கையெழுத்துப் போடும் முன்பே இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவது நல்லது.

செலவையும் சொல்லிவிட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுக்கு நடுவரின் மாதிரிக் கட்டணம் 45,000 ரூபாய் என்று சட்டத்தின் 4-வது அட்டவணை காட்டுகிறது. ஒற்றை நடுவர் என்றால் அதில் 25 சதவிகிதம் கூடுதல். மொத்தம் 56,250 ரூபாய். வழக்கமாக இதை இரு தரப்பும் பாதிப் பாதியாக முன்பணம் கட்டுவார்கள். 2,40,000 ரூபாய்க்கு இது பாரம்தான். அதனால், கடிதம் அனுப்பிக் கெடுவைக் காப்பாற்றிக்கொண்ட பிறகு, தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசிப் பார்க்கலாம். அங்கே கட்டணம் இல்லை. உடன்பாடு வந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். ஆனால், வரிசை முக்கியம். முதலில் கடிதம், பிறகு பேச்சு.

‘‘ஆஜராகாமல் விட்டோம்... இரண்டும் ஒன்றுதானே?’’

‘‘மாங்கூழ் தொழிற்சாலைக்கு ஒப்பந்தப்படி மாம்பழம் கொடுத்தோம். பாக்கிக்காக வழக்குப் போட்டோம். ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பச் சொல்லி ஆலை மனு போட்டது. ‘எப்படியும் அங்கேதான் அனுப்பப் போகிறார்கள்’ என்று அதற்குப் பிறகு நாங்கள் போகவில்லை. இப்போது இணையத்தில் பார்த்தால் ‘தள்ளுபடி’ என்று இருக்கிறது. எப்படியும் முடிந்ததுதானே?’’ என்கிறார் கிருஷ்ணகிரி மாவட்ட வாசகி.

இரண்டும் ஒன்றல்ல. உத்தரவின் கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து அடுத்த வழி மாறும்.

‘நடுவரிடம் அனுப்பி, வழக்கு முடித்து வைக்கப்படுகிறது’ என்று இருந்தால், அது தோல்வி அல்ல. யார் பக்கம் நியாயம் என்று கோர்ட் பார்க்கவே இல்லை. கோர்ட்டில் கழிந்த காலத்தைக் கழித்துக் கேட்கலாம்.

‘வாதி ஆஜராகாததால் தள்ளுபடி’ என்று இருந்தால் நிலைமை வேறு. 14-வது பிரிவின் சலுகை, வழக்கை விசாரிக்க அந்தக் கோர்ட்டுக்கு வழியில்லாமல் போனவர்களுக்கானது. வராமல் விட்டவர்களுக்கானது அல்ல. ஆக, வழக்கு நடந்த காலம் முழுவதும் காலக்கெடுக் கணக்கில் சேர்ந்துவிடும். வழக்கு 2 வருடம் நடந்து இப்படித் தள்ளுபடியானால், 3 வருடக் கெடுவில் அந்த 2 வருடமும் போனதுபோலத்தான்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. எதிர்த்தரப்பு வந்து, வாதி வராமல் போயிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 9-ன்படி தள்ளுபடியை ரத்து செய்யக் கேட்டு 30 நாளுக்குள் மனு போட வேண்டும். வராததற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். அதே விஷயத்துக்குப் புது வழக்குப் போட முடியாது. இரு தரப்புமே வராமல் தள்ளுபடியாகியிருந்தால், 30 நாளுக்குள் ரத்து கேட்கலாம். கெடு மிச்சமிருந்தால் புது வழக்கும் போடலாம். 30 நாள் தாண்டியிருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு சேர்த்துக் கொடுக்க வேண்டும். வழக்கை மறுபடி எடுக்க வைத்து, முறையாக ‘நடுவரிடம் அனுப்பி’ முடிக்கச் செய்தால்தான் கழிந்த காலத்தைக் கேட்க முடியும். இதற்கிடையே, ஆலைக்கு ஆர்பிட்ரேஷன் கேட்கும் கடிதத்தையும் தாமதிக்காமல் அனுப்பிவிட வேண்டும்.

இன்னும் உத்தரவு வராதவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடுவரிடம் அனுப்பக் கேட்கும் மனுவை, எதிர்த்தரப்பு தன் முதல் பதிலுரையைத் தாக்கல் செய்யும் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். மூல ஒப்பந்தத்தையோ, சான்றிட்ட நகலையோ சேர்க்க வேண்டும். பதிலுரை போட்டு வருடக்கணக்கில் நடத்திவிட்டு, பிறகு ஆர்பிட்ரேஷன் என்று கிளப்பினால் அதை எதிர்க்கலாம். ஆனால், உத்தரவு வரும் முன்பே எதிர்க்க வேண்டும். அனுப்ப மறுத்தால்தான் மேல்முறையீடு உண்டு. அனுப்பிய உத்தரவுக்கு எதிராக 37-வது பிரிவில் மேல்முறையீடு கிடையாது.

‘‘விதை முளைக்கவில்லை... ஆர்பிட்ரேஷன்தான் ஒரே வழியா?’’

‘‘விதை நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்திலும் ஆர்பிட்ரேஷன் என்று இருக்கிறது. விதை பாதிக்கு மேல் முளைக்கவில்லை. வேறு வழியே இல்லையா?’’ என்பது ஆத்தூர் வாசகர் ஒருவரின் கேள்வி.

இருக்கிறது. நேஷனல் சீட்ஸ் கார்ப்பரேஷனுக்கு எதிராக ஆந்திர விவசாயிகள் நடத்திய வழக்கில், 2012-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதை வாங்கிய விவசாயியும், விதை உற்பத்தி ஒப்பந்தம் போட்ட விவசாயியும் நுகர்வோர்தான். ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் இருந்தாலும் நுகர்வோர் மன்றம் போகத் தடையில்லை என்பது அந்தத் தீர்ப்பு. ‘சோதனைக்கு விதையை எடுத்து வைக்கவில்லையே’ என்று நிறுவனங்கள் வாதிடுவதையும் அதில் கோர்ட் ஏற்கவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுபவர்தான் விவசாயி. மாதிரியை நிறுவனத்திடமே கேட்டுப் பெறலாம் என்றது.

ஒரு எச்சரிக்கையும் அந்தத் தீர்ப்பில் உண்டு. முதலில் ஆர்பிட்ரேஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பிறகு நுகர்வோர் மன்றத்துக்கு வருவது சிக்கலாகலாம். எனவே, எந்த வழி என்று முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். நுகர்வோர் புகாருக்கு 2 வருடம்தான் கெடு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. சொந்த மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். விதைப் பை, லாட் எண் அட்டை, பில், வேளாண் அலுவலரின் வயல் ஆய்வு அறிக்கை ஆகியவை கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறு கோர்ட்டில் வழக்குப் போட்டு, அது நடுவரிடம் அனுப்பப்பட்டவர்கள், அடுத்த அடி எடுத்துவைக்கும் முன் வழக்கறிஞரிடம் உத்தரவைக் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘‘டிராக்டர் கடன்... சென்னையிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது!’’

‘‘டிராக்டரை ஃபைனான்ஸ் கம்பெனி தூக்காமல் இருக்கத் தடையுத்தரவு வாங்கியிருந்தேன். வழக்கு நடுவரிடம் போகட்டும் என்று முடிந்துவிட்டது. இப்போது சென்னையிலிருந்து நடுவர் என்று ஒருவர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். தடை இருக்கிறதுதானே, போகாவிட்டால் என்ன?’’ என்கிறார் விழுப்புரம் மாவட்ட வாசகர்.

தடை இருக்காது. உத்தரவில் தனியாக நீட்டித்திருந்தால் தவிர, வழக்கோடு இடைக்காலத் தடையும் முடிந்துவிடும். பாதுகாப்பு வேண்டுமானால், 9-வது பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆர்பிட்ரேஷன் தொடங்கும் முன் அங்கே தடை கிடைத்தால், 90 நாளுக்குள் ஆர்பிட்ரேஷனைத் தொடங்கிவிட வேண்டும். நடுவர் வந்துவிட்ட பிறகு, 17-வது பிரிவின்படி அவரிடமே கேட்பதுதான் முறை.

நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதும், போகாமல் இருப்பதும்தான் பெரிய தவறு. ஒரு தரப்பு வராவிட்டாலும், இருக்கும் ஆதாரத்தை வைத்து நடுவர் தீர்ப்புச் சொல்லலாம் என்கிறது 25-வது பிரிவு. பணம் கேட்டவர் தன் கோரிக்கையை நேரத்துக்குத் தாக்கல் செய்யாவிட்டால், அதே பிரிவின்படி நடுவர் விசாரணையையே முடித்துவிடுவார். கோழிப் பண்ணை வாசகரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நோட்டீஸ் வந்ததும், நடுவரை நியமித்தது யார் என்று பார்க்க வேண்டும். கம்பெனி மட்டும் நியமித்திருந்தால், ‘இந்த நியமனத்துக்குச் சம்மதமில்லை’ என்று நடுவருக்கும், கம்பெனிக்கும் எழுத்தில் ஆட்சேபம் அனுப்ப வேண்டும். சம்மதம் என்று எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. அதோடு, கட்டிய தவணை ரசீதுகளைச் சேர்த்துப் பதிலும் கொடுக்க வேண்டும். பயணம் சிரமம் என்றால், காணொளி மூலம் விசாரிக்கக் கேட்கலாம்.

தீர்ப்பு வந்துவிட்டால், அதன் கையெழுத்திட்ட நகல் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் 34-வது பிரிவில் எதிர்த்து மனு போட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் கிடைக்கும். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. அதன் பிறகு அந்தத் தீர்ப்பு கோர்ட் டிகிரிக்குச் சமம். நிறைவேற்று மனு போட்டு நிலத்தை ஜப்தி செய்யும் அளவுக்குப் போகும். முதல் நோட்டீஸுக்கு அனுப்பும் ஒரு பக்க ஆட்சேபக் கடிதம், பின்னால் அந்த நிலத்தைக் காப்பாற்ற உதவலாம்.

இப்போது செய்ய வேண்டியவை

* வழக்கு எண்ணோ, 16 இலக்க சி.என்.ஆர். எண்ணோ இருந்தால் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கின் நிலையைப் பார்க்கலாம். இணையத்தில் தெரியும் ஒற்றைச் சொல்லை மட்டும் நம்பாமல், நகல் மனு போட்டு உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்க வேண்டும்.
* பணம் வர வேண்டிய தேதி, வழக்குப் போட்ட தேதி, வழக்கு முடிந்த தேதி. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மிச்சமுள்ள நாளைக் கணக்கிட வேண்டும்.
* ஆர்பிட்ரேஷன் கேட்கும் கடிதத்தை அனுப்பி, ஒப்புகை அட்டையை வாங்கிவைக்க வேண்டும்.
* வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் தாலுகா சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தேசிய சட்டப்பணிகள் உதவி எண்: 15100.

பல்லடம் வாசகருக்கு மட்டும் மறுபடியும் ஒரு வார்த்தை. நான்கு மாதம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். முதல் பேட்ச்சின் தேதியை எடுத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கே வழக்கறிஞரைப் பார்த்துக் கடிதத்தை அனுப்பிவிட வேண்டும்.